மூட்டு தாண்டும் மோதிரம்

மேல்கணக்கு லயம்,
கொட்டகலை.
9.5.1954

தம்பி அழகனுக்கு அக்கா ராக்காயி ஆசீர்வதித்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் மீனம்மாவும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறோம். கொழும்பு வெயிலில் நீயும் நாகலெட்சுமியும் சின்னவளும் சுகந்தானே? போன தடவை உனக்கு வயிற்றுவலி என்று எழுதியிருந்தாய். கடைச் சாப்பாட்டைக் குறை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மீனம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை கந்தப்பன். கொட்டகலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்களே சண்முகவடிவு அம்மாள், அவர்கள் மகன். பெண் பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கே வந்துவிட்டார்கள். நம்ம பெண்ணுக்கு அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று உனக்குத் தெரியும். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. வந்தவர்களுக்காக அவள் இடுப்புப் பிள்ளையை இறக்கவில்லை. அதுதான் அவர்களுக்குப் பிடித்துப்போனதாம். தை மாதம் நாள் வைத்திருக்கிறது.

சண்முகவடிவு அம்மாள் ஒன்று சொன்னார்கள். “பொண்ணுக்கு அப்பா இல்ல. தாய்மாமனும் அத்தையும் ஜோடியா நின்னு தாரை வாத்துக் குடுக்கட்டும். நீங்க உள்ள இருந்து பந்தியப் பாத்துக்குங்க.” நான் தலையை ஆட்டினேன். ஆகவே உனக்கும் நாகலெட்சுமிக்கும் தெரிவிக்கிறேன்.

இன்னொரு காரியம். இந்தக் கல்யாணத்துக்கு ஒரு சங்கிலியும் ஒரு மோதிரமும் செய்ய வேண்டும். கல் வேண்டாம், பூ வேண்டாம். பார்த்தால் பொன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். நகைக்கடையில் அளவு எடுக்கிறவன் நீ. கழுத்தும் விரலும் எப்படி அளப்பது என்று எழுதினால் இங்கேயே அளந்து அனுப்புவேன். பொன்னுக்கு என் கைச்சேமிப்பு இருக்கிறது. அதைப்பற்றி நீ வாயைத் திறக்கக்கூடாது.

இப்படிக்கு,
அக்கா ராக்காயி.


செட்டியார் தெரு,
கொழும்பு.
20.5.1954

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அழகன் வணக்கம். இங்கே மூன்று பேரும் நலம். வயிற்றுவலி போய்விட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி? தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை போத்தலை வைத்துக் கும்பிடுகிறீர்களா?

கடிதத்தைப் படித்ததும் கடையில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். “எங்க வீட்டுப் பொண்ணுக்கு நாந்தான் தாரை வாத்துக் குடுக்கப் போறேன்” என்று முதலாளி வரைக்கும் சொல்லியாயிற்று. அன்று சாயங்காலமே பட்டுக்கரை வேட்டி ஒன்று வாங்கினேன். நாகலெட்சுமி அதற்குச் சேரும்படி சேலை தேடிக்கொண்டிருக்கிறாள். தை வருவதற்குள் எனக்கு இளைத்துவிடும் போலிருக்கிறது, சந்தோஷத்தில்.

இனி அளவு. இதில் உங்கள் தம்பி பெரிய ஆள், நம்புங்கள். ஒரு அம்மா கடைவாசலில் செருப்பைக் கழற்றும்போதே இத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஏழு வருஷத்தில் நான் அளந்த ஒரு நகைகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை.

நூலால் அளக்காதீர்கள். இழுத்தால் நீளும், உங்கள் ஊர் மழையில் நனைந்தால் சுருங்கும். கடதாசியில் மெல்லிசாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். காலையிலும் அளக்கக்கூடாது. விடியற்காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற குளிரில் விரல் சூம்பிக் கிடக்கும். அந்த அளவுக்குச் செய்தால் மத்தியானம் விரலை நெரிக்கும். சோறு சாப்பிட்டு, கை காய்ந்தபின் அளக்க வேண்டும். விரலின் அடியில் மட்டும் சுற்றி அனுப்பாதீர்கள். நடு மூட்டுதான் வாசற்படி. வாசற்படி தாண்டினால்தானே வீட்டுக்குள் போக முடியும்? மூட்டைச் சுற்றி ஒரு கோடு, அடிவிரலைச் சுற்றி ஒரு கோடு, இரண்டையும் துண்டில் போட்டு அனுப்புங்கள்.

சங்கிலிக்குக் கழுத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, எங்கே விழ வேண்டுமோ அங்கே பிடித்து, அந்தக் கயிற்றைக் கீழே நீட்டி அளக்க வேண்டும். பதினாறு அங்குலம் கழுத்தைத் தழுவும். பதினெட்டு எலும்பின்மேல் உட்காரும். இருபத்திரண்டு மார்பில் விழும். கல்யாணப் பெண்ணுக்குப் பதினாறுதான் அழகு. இதையும் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி,
அழகன்.


கொட்டகலை.
14.6.1954

தம்பி அழகனுக்கு. மழை பிடித்துக்கொண்டது. லயத்துத் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் மீனம்மா பேசுவதே கேட்கவில்லை. அவளுக்கு அது வசதியாகப் போய்விட்டது, நான் சொல்வதும் கேட்கவில்லையாம். மற்றபடி சுகம். உங்கள் மூவர் சுகமும் எழுது.

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு சாப்பிட்டு, அடுப்பில் கையைச் சூடு காட்டி, மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் கோடு விழுந்தது. துண்டு உள்ளே இருக்கிறது. மேல்கோடு மூட்டு, கீழ்க்கோடு அடிவிரல். வலது கை மோதிர விரல். சங்கிலி இருபத்திரண்டு அங்குலம்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். குனிந்து கையை முன்னால் நீட்டினால் இருபத்திரண்டு அங்குலச் சங்கிலி முகத்துக்கு முன்னால் ஆடுமா? ஆடாமல் இருக்க என்ன செய்யலாம்? இன்னொன்று, தாரை வார்க்கும்போது கொடுக்கிறவர்களின் எந்தக் கை மேலே இருக்கும்? வலதா, இடதா? நான் பார்த்த கல்யாணங்களில் எல்லாம் பின்னால் நின்றதால் சரியாகத் தெரியவில்லை.

போன வாரம் மாப்பிள்ளைத் தம்பி மீனம்மாவுக்கு ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பிப் போனார். நல்ல பிள்ளை.

நாகலெட்சுமிக்குச் சேலை கிடைத்ததா?

அக்கா ராக்காயி.


கொழும்பு.
2.7.1954

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தன் பல்லை உங்களுக்கு அனுப்பவேண்டும் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வலது கைதான் மேலே வரும். அந்தக் கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் அனுப்பிய துண்டு சரியில்லை அக்கா. அதைப் பட்டறை ஆசாரியிடம் காட்டினேன். “இது பொண்ணோட வெரலா, கங்காணியோட வெரலா?” என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கல்யாணப் பெண்ணின் விரல் இப்படி இருக்க வழியே இல்லை. அதிலும் மீனம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள் இல்லை. போன திருவிழாவில் எனக்குத் திருநீறு பூசிவிட்டாளே, அப்போதே அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். வெண்டைக்காய் மாதிரி விரல். நீங்கள் துண்டைத் தொளதொளவென்று சுற்றியிருக்கிறீர்கள், அல்லது கோடு போடும்போது மழைக்கு அவசரம்.

சங்கிலியும் அப்படித்தான். இருபத்திரண்டு அங்குலம் நடுவயது அம்மாக்கள் கேட்கிற நீளம். கல்யாணப் பெண் மாலை போட்டால் அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது. காசைப் போட்டுச் செய்து யாருக்கும் தெரியாவிட்டால் என்ன பிரயோசனம்?

திரும்ப ஒரு தடவை அளந்து அனுப்புங்கள். மீனம்மாவை உட்காரவைத்து நிதானமாக.

தங்கள் தம்பி,
அழகன்.


கொட்டகலை.
18.7.1954

தம்பிக்கு. சுகம். சுகம் அறிய ஆவல்.

திரும்ப அளக்க அவசியம் இல்லை. கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது. யார் சிரித்தாலும் துண்டுப்படி செய்யச் சொல். சங்கிலி இருபத்திரண்டு.

ராக்காயி.


கொழும்பு.
5.9.1954

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் சூடு அதிகம், சங்கதி குறைவு. மழையில் விறகு கிடைக்கவில்லையோ, கோபத்திலேயே சமைக்கிறீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகை தயார். கொட்டகலைக்குப் போகிற நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் திட்டுவீர்கள், மீனம்மாவுக்குப் போட்டுப் பார்த்ததும் என்னை வாழ்த்துவீர்கள். ஏனென்றால் துண்டுப்படி செய்யவில்லை. என் கண்ணின்படி செய்தேன். சங்கிலி பதினாறு. மோதிரம் அவள் விரலுக்கு எது சரியோ அது. அக்கா சொல்லைத் தட்டினேன் என்று நினைக்க வேண்டாம். சபையில் பெண் நிற்கும்போது மோதிரம் கழன்று விழுந்தால், செய்தவன் இன்னாருடைய தாய்மாமன் என்றல்லவா பேசுவார்கள்? நான் அங்கே எல்லாருக்கும் முன்னால் நிற்கப்போகிறவன்.

சேலை கிடைத்துவிட்டது. மாம்பழ நிறம். நாகலெட்சுமி அதைத் தினம் ஒரு தடவை மடித்துவைக்கிறாள்.

போட்டுப் பார்த்ததும் எழுதுங்கள்.

தங்கள் தம்பி,
அழகன்.


கொட்டகலை.
19.9.1954

தம்பி அழகனுக்கு அக்கா ராக்காயி எழுதுவது. நாங்கள் சுகம். சின்னவளுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டதா?

முதலில் நகையைச் சொல்கிறேன். சங்கிலி கழுத்தை இறுக்கியது. மோதிரம் மூட்டில் நின்றுவிட்டது. நான் விடவில்லை. சோப்புப் போட்டுத் தள்ளினேன். பாதி ஏறி, போகவும் மாட்டேன் வரவும் மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. விரல் வீங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் ஊற்றி, மீனம்மா ஒரு மணி நேரம் பாடுபட்டுக் கழற்றினாள். கழற்றியபின் அவள் விரலில் போட்டோம். அளந்து வைத்தது போல உட்கார்ந்தது. சங்கிலியும் அவள் கழுத்தில் அவ்வளவு அழகு. உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை தம்பி. ஆனால் நான் உன் கண்ணைக் கேட்கவில்லை.

என் கடிதங்கள் இருந்தால் எடுத்துப் பார். மீனம்மாவுக்கு நகை வேண்டும் என்று எங்கேயாவது எழுதினேனா? கல்யாணத்துக்கு என்றுதான் எழுதினேன். அந்தக் கழுத்து என்னுடையது. அந்த விரலும் என்னுடையது.

படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். தாலி இறங்கிய கழுத்துக்குச் சங்கிலி எதற்கு என்று தோன்றும். உனக்குத் தோன்றாவிட்டாலும் ஊருக்குத் தோன்றும். அதனால்தான் நேரே எழுத வாய் வரவில்லை. துண்டை அனுப்பினால் நீயே புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். அது என் தப்பு.

சண்முகவடிவு அம்மாள் என்னை உள்ளே இருக்கச் சொன்னபோது தலையாட்டினேன். பழக்கம். மறுநாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கை தானாக நின்றுவிட்டது. கங்காணி கீழேயிருந்து கத்துகிறான், “என்னா ராக்காயி, தேயிலைகிட்ட கத பேசுறியா?” என்று. நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீனம்மாவுக்கு மூன்று வயதில் அவள் அப்பா காய்ச்சலில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் நான் பெரட்டில் நின்றேன். அன்றிலிருந்து பதினைந்து வருஷம், அவளுக்குச் சோறு போட்டது, துணி எடுத்தது, சிலேட்டு வாங்கியது எல்லாம் இந்தக் கைதான். அப்படி இருக்க, அவளைக் கொடுக்கிற நேரத்தில் மட்டும் இந்தக் கை பந்திக்குச் சாம்பார் வாளி தூக்க வேண்டுமா?

நான் கொடுக்கப்போகிறேன். தாரை வார்க்கும்போது எல்லார் கண்ணும் கையில்தான் இருக்கும். “பாவம், அறுத்தவ” என்று பார்க்கிற கண்ணுக்கு என் விரலில் மோதிரம் தெரியட்டும். பாவம் என்கிற சொல்லை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

உன் இடத்தைத்தான் கேட்கிறேன் என்றும் தெரியும். வேட்டி வாங்கிவிட்டாய், லட்டுக் கொடுத்துவிட்டாய். அம்மா செத்தபின் உன்னை யார் வளர்த்தார்கள் என்று சொல்லிக்காட்ட மாட்டேன். அழுதும் கேட்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

பெட்டியை அதே ஆளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். துண்டு உன்னிடம் இருக்கிறது.

அக்கா ராக்காயி.


கொழும்பு.
14.11.1954

அன்புள்ள அண்ணிக்கு நாகலெட்சுமி வணக்கம். தீபாவளிக்காவது உங்கள் தம்பி எழுதுவார் என்று பார்த்தேன். எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். கோபமா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை. அவரைக் கேட்டால் “ஊரெல்லாம் சொல்லிட்டேனே” என்கிறார். எனக்கும் அந்த இடத்தில் நிற்க ஆசை இருந்தது அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். இப்போது நின்றால் என் கால் கூசும்.

கொஞ்சம் பொறுங்கள். சின்னவளுக்கு இரண்டு பல் வந்துவிட்டது.

நாகலெட்சுமி.


கொழும்பு.
12.12.1954

அன்புள்ள அக்காவுக்கு அழகன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதமாகக் கேட்கவில்லையே.

கோபம்தான். மறைத்து என்ன? அக்காவுக்கு ஏன் இந்த வேலை என்று நினைத்தேன். ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். உண்மையில் என் இடம் போகிறதே என்பதுதான் கோபம். அதற்கு ஊரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேசையைத் துடைக்கும்போது உங்கள் துண்டு கிடைத்தது. சும்மா என் விரலில் சுற்றினேன். எனக்கே அது பெரிதாக இருந்தது அக்கா. முப்பது வயது ஆம்பிளை விரலில் தொளதொளவென்று நின்றது. கம்பியில் கோத்த அளவு வளையங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பெண்கள் அளவில் கிடைக்கவில்லை. ஆண்கள் அளவில், அதுவும் கடைசியிலிருந்து மூன்றாவது வளையத்தில் கிடைத்தது. ஏழு வருஷமாக எத்தனை கைகளைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்! எனக்குச் சோறு ஊட்டின கையின் அளவு எனக்குத் தெரியவில்லை. பார்த்தவுடன் அங்குலம் சொல்கிறவன் என்று பீற்றிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எழுதாமல் விட்டது. ஆசாரி கங்காணி விரலா என்று கேட்டுச் சிரித்தபோது நானும் சிரித்தேன். கடையில் யாருக்கும் நான் தோட்டத்து லயத்துப் பிள்ளை என்று தெரியாது. கொட்டகலையில் எங்கள் வீட்டார் வியாபாரம் என்று சொல்லியிருந்தேன். துண்டு கிடைத்த அன்றே அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். “அண்ணே, இது எங்க அக்கா வெரல். கொழுந்து எடுத்து எடுத்து இப்புடி ஆன வெரல். இந்த வெரல்தான் என்னயப் படிக்க வச்சுச்சு. இதுக்கு ஒரு மோதரம் அடிச்சுக் குடுங்க, மயிரிழை பெசகக் கூடாது” என்றேன். எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னேன். ஆசாரி துண்டை வாங்கிக்கொண்டார். பிறகு கைவேலையை ஓரமாக வைத்துவிட்டு உங்களுடையதை எடுத்தார். நான் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. முதலாளி சம்பளம் கூட்டியபோதுகூட அப்படி இருந்ததில்லை.

மோதிரம் ஆகிவிட்டது. மூட்டு தாண்டும், தாண்டினபின் சுழலாமல் இருக்க உள்பக்கம் சிறிய பட்டை வைத்திருக்கிறது. சங்கிலி இருபத்திரண்டு. நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதவேயில்லை. குனிந்தால் ஆடத்தான் செய்யும். சேலை மடிப்பின்மேல் சின்ன ஊசியால் பிடித்துக்கொண்டால் ஆடாது. முதலில் செய்ததை மீனம்மாவுக்குத் தாய்மாமன் சீராக நான் கொண்டுவருகிறேன். அதைப்பற்றி நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது.

சண்முகவடிவு அம்மாளுக்கும் எழுதிவிட்டேன். ‘பெண்ணைக் கொடுப்பது எங்கள் வீட்டுக் காரியம். அதை எங்கள் அக்கா செய்வார்கள். தாய்மாமன் நான் தண்ணீர் ஊற்றுவேன்’ என்று எழுதினேன். பதில் வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை.

தண்ணீர் ஊற்றுகிறவனும் பட்டுக்கரை வேட்டி கட்டலாம்தானே?

தங்கள் தம்பி,
அழகன்.


கொட்டகலை.
20.2.1955

என் தம்பி அழகனுக்கும் நாகலெட்சுமிக்கும் சின்னவளுக்கும் அக்கா ராக்காயியின் ஆசீர்வாதம். நீங்கள் ரயிலேறிப் போனபின் காம்பரா வெறிச்சோடிக் கிடக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மீனம்மா நேற்று மாப்பிள்ளையோடு வந்து போனாள். கன்னம் பூரித்திருக்கிறாள்.

நீ பக்கத்தில் நின்றாய், ஆனால் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

பூசாரி “கொடுக்கிறவங்க வாங்க” என்றதும் நான் எழுந்தேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. சண்முகவடிவு அம்மாள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பூவும் பொட்டும் இல்லாத கையி, மங்கல காரியத்துல...” என்று ஆரம்பித்தார்கள். “இந்தக் கையிதாங்க பதினஞ்சு வருசமா இவளத் தூக்குச்சு. இன்னிக்கி இறக்கி வைக்கிறதும் இதுவாத்தான் இருக்கணும்” என்றேன். சத்தம் போடவில்லை. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாப்பிள்ளை எழுந்துபோனால் என்ன செய்வேன் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்தப் பிள்ளை தன் கையை நீட்டியது. மீனம்மா தன் கையை அதன்மேல் வைத்தாள். நான் என் கையை அதற்கும் மேலே வைத்தேன். பட்டும் படாமலும்தான் வைத்தேன். கந்தப்பன் குனிந்து, “அழுத்தி வைங்க அத்தே” என்றார் மெதுவாக. அப்புறம்தான் நீ தண்ணீர் ஊற்றினாய். என் மோதிரத்தின்மேல் விழுந்து, விரல் இடுக்கு வழியாக அவர்கள் இருவர் கையிலும் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றியதால் பாதி மாப்பிள்ளை வேட்டியில் கொட்டிவிட்டாய். போகட்டும்.

தம்பி, நான் பிறந்ததிலிருந்து அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

சம்பந்தியம்மாள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைக்குப் போனால் பருப்பை நிறுத்துக் கொடுக்கிறார்கள், முகத்தைக் கொடுக்கவில்லை. அதற்கும் நாள் வரும். வராவிட்டாலும் சரிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்துப் பெண்கள் எல்லாரும் மோதிரம் பார்க்க வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்து ஒரே சிரிப்பு. கடைசிக் காம்பரா அம்மாக்கண்ணுவும் வந்திருந்தாள். புருஷன் மரம் விழுந்து செத்து ஆறு வருஷம். மூத்த மகளுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் போட்டாள். மூட்டைத் தாண்டி இறங்கியது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் பெரட்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, ஒங்க தம்பி கட வெலாசம் என்னா?” என்று கேட்டாள்.

சொன்னேன். அவளுக்கு எழுதத் தெரியாது. கண்டாக்கு ஐயா பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற வரைக்கும் வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

இப்படிக்கு,
உன் அக்கா ராக்காயி.